செக்ரோலில் முதல் பெயர்

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாலும், அதில் பாதி நல்லமுத்து பாஸ் கட்டியதாகத்தான் இருக்கும். மேசன் வேலை செய்கிறவரை மலைநாட்டில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் அவரைக் குறை சொன்ன ஆள் கிடையாது. சொந்தக் கை நல்ல கை. ஆனால் 1948இல் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுத் தானாகக் கொந்தராத்தில் ஒப்பந்த வேலை எடுக்கத் தொடங்கிய மனுஷன், அடுத்த மூன்று வருஷமும் எடுத்த வேலையில் எல்லாம் கையைச் சுட்டுக்கொண்டார்.

விலை சொல்வதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சுவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார், தாடையைச் சொறிவார், வாயில் வந்த தொகையைச் சொல்லிவிடுவார். அதில் ஒரு பங்கு வேலை பிடித்துக் கொடுத்த கங்காணிக்குப் போகும். ஆனி மாதத்து மழையில் பன்னிரண்டு ஆள்களும் தகரத்தின் அடியில் குந்தி பீடி குடிப்பார்கள். வேலைதான் நனையுமே தவிர, சம்பளம் நனையாமல் நடந்துகொண்டிருக்கும். ஒரு லயத்துக்குக் கூரை மாற்றி முடித்தபோது அவர் மனைவி காளியாயியின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கூரையைப் பார்த்து துரை கைகொடுத்துப் பாராட்டினார்.

காளியாயி கரும்பாறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் பெயரில்தான் அவர்களுக்கு லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. ஒரு முறை கையில் வெட்டுக்காயம் பட்டு மூன்று நாள் மலைக்குப் போக முடியாமல் இருந்தபோது, கணவருக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் வேலை நடக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். நாலாம் நாள் சொன்னாள்.

"எங்க மலையில மூட்டம் எறங்கிட்டா அரும்பு எது முத்தல் எதுன்னு தெரியாது. அதனால வெள்ளனவே ஏறிடுறோம். ஒங்க ஆளுங்க எட்டரைக்கு வந்து சாந்து கொழைக்கிறாங்க. பத்து மணிக்கு ரொட்டி. ரெண்டு மணிக்கு மூட்டம் எறங்கிடுது. சொவரு எப்பங்க கட்டுறது?"

நல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் கரண்டி பிடித்தவருக்குக் கொழுந்துக்காரி வந்து பாடம் சொல்வதா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் சொன்னபடியே செய்தார். காலை ஆறரைக்கே வெளிவேலை. மூட்டம் இறங்கியதும் உள்வேலை. அதற்காக ஒரே தோட்டத்தில் இரண்டு வேலையாகச் சேர்த்து எடுத்தார்: வெளியே மழைத்தண்ணீர் ஓடுகிற கான் கட்டுவது ஒன்று, உள்ளே கிளாக்கர் வீட்டுக்குத் தரை போடுவது ஒன்று என்று ஜோடியாக. வெளிவேலை மட்டும் இருந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வந்த வேலையை வேண்டாம் என்கிறாரே, பாஸுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஊர் பேசிற்று.

பேசியவர்கள் அடுத்த வருஷமே வாயை மூடிக்கொண்டார்கள். சுண்ணாம்பை வேலை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே குழியில் நீற்றிப் போட்டுவிடுவார். அன்றன்றைக்கு முடிகிற அளவுக்குத்தான் சிமெந்து மூட்டை பிரிக்க வேண்டும்; மிச்சம் இறுகிப்போனால் அன்றைக்கு அவர் வாயில் விழ வேண்டியிருக்கும். இடித்த பழைய சுவரின் கல்லை ஓடைப் பக்கம் கொட்டாமல் அஸ்திவாரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆள்களுக்கும் நாள் சம்பளம் போக, கட்டி முடித்த சுவரை அளந்து மேற்கொண்டு கொடுத்தார். கொழுந்தை நிறுத்துச் சம்பளம் கொடுக்கிற மாதிரி இதையும் அளந்து கொடுத்தால் என்ன என்று கேட்டவளும் காளியாயிதான். பீடி குடிக்கிற நேரம் தானாகக் குறைந்தது. தோடு காதுக்குத் திரும்பி வந்தது.

அலோசியஸ் அவருக்கு அறிமுகமானது அந்தச் சமயத்தில்தான். தலவாக்கலையில் ஒரு இரும்புக் கடையில் விற்பனைக்கு நின்ற இளந்தாரி. கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவன், ஆங்கிலம் பேசுவான், டைப் அடிப்பான். எல்லாக் கொந்தராத்துக்காரரும் பத்து மூட்டை சிமெந்து கொண்டுபோய் இரண்டைக் கல்லாகத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகையில், இந்த ஒரு மனுஷன் மட்டும் அளவாக வாங்கி, வாங்கியதை வாங்கியபடி முடிப்பதைக் கவனித்திருக்கிறான். கங்காணி காலில் போய் விழுவதை விட்டுவிட்டு, துரைக்கு நேராக ஆங்கிலத்தில் விலை எழுதிக் கொடுத்தால் கங்காணி பங்கு மிச்சமாகுமே என்றான். அவனே எழுதியும் கொடுத்தான். முதல் கடிதத்துக்கே வேலை கிடைத்தது. 1953இல் இரண்டு பேரும் பாதிப் பாதி என்று சேர்ந்தார்கள்.

அவனைக் கெட்டவன் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவன் அப்போது கெட்டவனாக இல்லை. நல்லமுத்துவை அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டான். காளியாயிக்குச் சளிக்காய்ச்சல் கண்டபோது கடை முதலாளியின் காரை இரவல் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அவன் மகள் இசபெலுக்குப் புதுநன்மைச் சடங்கு நடந்த அன்று, மாதா கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றவர் நல்லமுத்து. வேலை முடிந்தால் அவன் வீட்டு மேசையிலேயே பங்கு பிரித்துக்கொள்வார்கள். அவன் மனைவி தெரேசா தேத்தண்ணி வைப்பாள். முத்திரைக் கடதாசி என்ற பேச்சே வந்ததில்லை. கூடப் பிறந்தவனிடம் யாராவது கையெழுத்துக் கேட்பார்களா?

1951இல் மற்றவர்களைப் போல இரண்டு பேருமே பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டிருந்தார்கள். இலங்கையில் பிறந்து இலங்கையிலேயே வேலை செய்த தோட்டத்துத் தமிழர்களை, நீ இந்த நாட்டவன்தானா, நிரூபி என்று கேட்ட காலம் அது. அலோசியஸுக்கு 1957இல் கிடைத்துவிட்டது. நல்லமுத்துவின் மனு எந்த அரசாங்கக் கந்தோரில் எந்தக் காகிதக் கட்டில் கிடந்ததோ, கூப்பிடவே இல்லை.

அடுத்த வருஷம் நோட்டன் பிரிட்ஜில் மின்சார வேலைக்காரர்களுக்கு அரசாங்க வீடுகள் கட்ட டெண்டர் வந்தது. அவர்கள் எடுத்த வேலைகளிலேயே பெரியது. நோட்டனில் மழை கொட்டுகிற கொட்டுக்கு மற்றவர்கள் பயந்து விலையை ஏற்றிப் போடுவார்கள். காலை வெளிவேலை, பிற்பகல் உள்வேலை என்று பழகிய இவர்களால் குறைத்துப் போட்டும் லாபம் பார்க்க முடியும். ஆனால் பிரஜைகள்தான் டெண்டர் போடலாம் என்றது கந்தோர். ஆகவே கம்பெனி அலோசியஸ் பெயரில் பதிவானது. நல்லமுத்து கொஞ்சமும் யோசிக்கவில்லை. யார் பேரில் இருந்தால் என்ன, கரண்டி நம்ம கையில்தானே இருக்கிறது என்று சிரித்தார். பிரஜாவுரிமை வந்ததும் உங்க பேரையும் சேர்த்து எழுதிருவோம் அண்ணே என்று அவனும் சொன்னான். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொல்லியிருப்பான்.

தவறு ஒன்று நடந்தது. அதைச் செய்தது நல்லமுத்துதான்.

நோட்டன் வேலைக்குத் தொழில் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, வேலையாள்களின் பெயர்ப் புத்தகம் எங்கே என்று கேட்டார். அலோசியஸ் நீளமான புத்தகம் ஒன்று வாங்கி, கோடு போட்டு, ஆள்களின் பெயர்களை எழுதினான். தோட்டத்து வழக்கப்படி ஆள்கள் அதைச் செக்ரோல் என்றார்கள். எழுதி முடித்து வாசித்தபோது அதில் தன் பெயர் இல்லை என்று கண்ட நல்லமுத்துவுக்கு முகம் வெளிறிவிட்டது.

செக்ரோல் என்றால் தோட்டத்து ஆளுக்கு என்ன என்று வெளியாருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காலையில் ஆள்கள் வரிசையில் நிற்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் புத்தகத்தில் குறித்தால்தான் அவன் அன்றைக்கு உயிரோடு இருந்தான். நல்லமுத்துவின் பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பன் 1946இல் நாலு மாதம் நோயில் விழுந்து உறவுக்காரர் வீட்டில் கிடந்தவர். அந்த நாலு மாதமும் செக்ரோலில் அவர் பெயர் இல்லை. நீ நாட்டிலேயே இல்லை என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நல்லமுத்துவோ 1948இல் தோட்டத்து வேலையை விட்டதிலிருந்து எந்தப் புத்தகத்திலும் இல்லை. பத்து வருஷமாக அந்தப் பயம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அலோசியஸ் சரியாகத்தான் சொன்னான். நீங்கள் பங்காளி, இது கூலியாள் புத்தகம், இதில் உங்கள் பெயர் வரக்கூடாது என்றான். இவர் கேட்கவில்லை. நாளைக்கு விசாரணையில் இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் எதைக் காட்டுவது என்று மன்றாடினார். கடைசியில் அவன் சிரித்துவிட்டு எழுதினான். அதுவும் இவர் கேட்டபடி, எல்லாருக்கும் மேலே, முதல் பெயராக: நல்லமுத்து, மேசன். சனிக்கிழமை தோறும் ஆள்களோடு வரிசையில் நின்று அதில் சம்பளம் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

1961இல் நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எப்படிப் பிழைக்கிறாய் என்ற கேள்விக்கு, கட்டட வேலைக் கம்பெனியில் பாதிப் பங்காளி என்று ஆங்கிலத்தில் பதில் எழுதிக் கொடுத்தவன் அலோசியஸ். சாட்சி சொல்ல வருகிறேன் என்றவனும் அவன்தான். இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறினார்கள். அலோசியஸ் புதுக் கோட்டுப் போட்டிருந்தான். மடியில் மெழுகுசீலையில் சுற்றிய நீளமான கட்டு ஒன்று. வழி நெடுக நல்லமுத்து பேசிக்கொண்டே வந்தார். பிரஜாவுரிமை கையில் வந்ததும் கம்பெனிப் பலகையை இரண்டு பெயரோடும் எழுதச் சொல்லியிருப்பதாகவும், ஹட்டனில் ஒரு பெயின்டரைப் பார்த்துப் பேசிவிட்டதாகவும் சொன்னார். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

விசாரணை செய்தவர் சாந்தமான மனுஷர். நல்லமுத்துவிடம் பிறந்த தோட்டம், கல்யாணம் செய்த வருஷம் எல்லாம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். எல்லாம் பொருந்தி வந்தது. பிறகு அலோசியஸை உட்காரச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டார். அவனும் ஆங்கிலத்திலேயே சொன்னான். நல்லமுத்துவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவன் மெழுகுசீலையைப் பிரித்தான். உள்ளே செக்ரோல். முதல் பெயரில் விரலை வைத்துக் காட்டினான். நல்லமுத்துவுக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. நான்தான் அப்போதே சொன்னேனே, பார்த்தாயா, இந்தப் புத்தகம்தான் நம்மைக் கரை சேர்க்கப் போகிறது என்று நினைத்து, முட்டாள் மனுஷன், விசாரணைக்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

மொழிபெயர்ப்பாளர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க இவருகிட்ட நாள் கூலிக்கு வேலை செய்யிறதா இவரு சொல்றாரு. வாராவாரம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கீங்க. அப்ப பங்காளின்னு எழுதிக் குடுத்தது பொய்யா?"

முதலில் அவருக்கு விளங்கவே இல்லை. இவர் ஏதோ தப்பாக மொழிபெயர்க்கிறார் என்றுதான் நினைத்தார். சிரித்த வாய் சிரித்தபடியே இருக்க, அலோசியஸைப் பார்த்தார். அவன் தன் பேனாவின் மூடியைத் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றார் நல்லமுத்து. "நீ சொல்லுப்பா."

"புத்தகத்துல உள்ளதத்தாண்ணே சொன்னேன்," என்றான் அவன், தமிழில்.

எதைக் காட்டி என்ன பேசுவது? எழுத்தெல்லாம் அவன் பக்கம் இருந்தது. இவர் பக்கம் இருந்தது அண்ணே என்ற ஒரு சொல். வெளியே வந்ததும் அலோசியஸ் பஸ் நிற்கிறது என்று கூப்பிட்டான். இவர் காதில் விழாதவர் போல நானுஓயா வரை நடந்தே போய் ரயில் ஏறினார். நடந்த வழி முழுக்க அழுகை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அலோசியஸ் தெரேசாவையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தான். பிரஜை இல்லாத ஆள் மறைவில் பங்காளியாக இருக்கிறார் என்று எழுத்தில் பதிந்தால், நோட்டன் வேலையைப் பிடுங்கிவிடுவார்கள், முப்பது ஆள் தெருவில் நிற்கும், அந்தப் பயத்தில்தான் அப்படிச் சொல்ல வேண்டிவந்தது என்று நிறைய நேரம் விளக்கினான். கேட்கக் கேட்க நியாயமாகவும் இருந்தது. நல்லமுத்து தலையாட்டக்கூடத் தொடங்கிவிட்டார். அவ்வளவு இளகிய மனுஷன், என்ன சொல்ல?

அடுப்படியில் நின்ற காளியாயி அங்கிருந்தபடியே கேட்டாள். "கேள்வி கேட்டு, வாயில தடுமாறி வந்திருச்சுன்னா சரி தம்பி. அந்தப் புத்தகத்த எதுக்கு வீட்டுலேருந்தே சுத்தி எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

தெரேசா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும் போலிருந்தது. அலோசியஸ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் உண்மையைச் சொன்னான்.

"பிரஜாவுரிமை கெடைச்சா நீங்க தனியா போயிருவீங்கண்ணே. வேலை தெரிஞ்சவரு நீங்க. நான் கடிதம் எழுதுறவன். கடிதம் எழுத வேற ஆள் கெடைக்கும். அப்ப எனக்கு என்ன இருக்கு?"

இரண்டு பெயர் போட்ட பலகைக்குப் பெயின்டருக்கு முன்பணம் கொடுத்திருந்த மனுஷனிடம் இதைச் சொன்னான். நல்லமுத்து பலகையைப் பற்றி மறுபடி வாயெடுக்கவில்லை. போய்வா தம்பி என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே போகவில்லை.

இரண்டு மாதத்தில் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. பொய்யான தகவல் கொடுத்தவர் என்று காரணம் போட்டிருந்தது. பங்கு கேட்டு வழக்குப் போடலாமா என்று ஹட்டனில் ஒரு வக்கீலைக் கேட்டார். பிரஜை இல்லாதவர், கையில் துண்டுக் கடதாசி இல்லாதவர், எதிர்த்தரப்பில் தன் கையெழுத்து வாரத்துக்கு ஒன்று என்று மூன்று வருஷத்துக்கு இருப்பவர் எந்த வழக்கைப் போடுவது என்று வக்கீல் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். தான் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த சோலைமலையாவது கூட வருவான் என்று நல்லமுத்து நம்பினார். புள்ளகுட்டிக்காரங்க பாஸ் என்று அவனும் தலையைச் சொறிந்தான். அலோசியஸின் கம்பெனி நன்றாகவே நடந்தது. காலையில் வெளிவேலை, மூட்டம் இறங்கினால் உள்வேலை. தலவாக்கலை டவுனில் அது அலோசியஸ் முறை என்று பெயர் வாங்கிவிட்டது. அதைக் கேட்ட அன்று காளியாயி சோற்றுப் பானையை நங்கென்று இறக்கி வைத்தாள்.

நல்லமுத்து மூன்று வருஷம் அங்கொரு அடுப்பு, இங்கொரு படிக்கட்டு என்று சில்லறை வேலை செய்தார். 1964இல் காளியாயிக்கு நெஞ்சில் சளி கட்டி மலை ஏற முடியாமல் போயிற்று. வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் காம்பரா. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். தோட்டத்தில் மேசன் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் ஆள் என்பதால், முன்பு வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதம் கொடுக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். இவர் நேரில் போகவில்லை, சோலைமலையிடம் சொல்லி அனுப்பினார். கேட்ட மறுநாளே கம்பெனித் தாளில் டைப் அடித்த கடிதம் வந்துவிட்டது. அலோசியஸ் கஞ்சத்தனம் செய்யவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்து, தமிழிலும் சொன்னார். நல்லமுத்து என்னும் இவர் எட்டு வருஷம் என் கீழ் நாள் கூலி மேசனாக வேலை செய்தார். நேர்மையானவர், பணிவானவர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர்.

கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார். "துரைக்குக் காட்டணும். இதுல எழுதியிருக்கிறதெல்லாம் உண்மைதானே?"

நல்லமுத்து கைகட்டி நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம், நாற்காலி இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து, காளியாயி இருமுவது கேட்டது. நுவரெலியாவில் மொழிபெயர்ப்பாளர் பொய்யா என்று கேட்டதும் இதே கேள்விதான். அன்றைக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல் நின்றதற்காக மூன்று வருஷமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார்.

"உண்மைதாங்க ஐயா," என்றார் நல்லமுத்து.